மூன்று செம்பும் பிழை அறுபத்தொன்றும்

நைனா முகம்மதுவின் மூன்று பிரியாணிச் செம்புகளும் காணாமல் போகவில்லை. அதுதான் அவருடைய கஷ்டகாலம். காணாமல் போயிருந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு மனு எழுதிக் கொடுத்துவிட்டு, வெளியே வந்து ஒரு சாயா குடித்துவிட்டு, ஆண்டவன் விட்ட வழி என்று வேறு வேலையைப் பார்த்திருக்கலாம். செம்புகள் பத்திரமாகக் கிடங்கில் இருந்தன. ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டால் நடுச்செம்பின் விளிம்பைத் தொடலாம். அவர் தொட்டும் பார்த்துவிட்டார். ஆனால் கொச்சிக் கிடங்கு வாரியம் புதிதாக வாங்கி வைத்திருந்த கம்ப்யூட்டர், அவை அங்கே இருப்பதாக இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

நைனா முகம்மது மட்டாஞ்சேரியில் பேர் போன பண்டாரி. கல்யாணப் பிரியாணி என்றால் தோப்பும்படி வரைக்கும் அவரைத்தான் தேடி வருவார்கள். நோன்பு தொடங்குவதற்கு முன்னாலேயே வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டதால், மழையில் நனைய வேண்டாமென்று செம்புகளை பஜார் ரோட்டில் இருந்த வாரியத்தின் கிடங்கில் கொண்டுபோய் வைத்தார். அவற்றில் ஒவ்வொன்றும் ஒரு ஆளை உள்ளே உட்கார வைத்துக் குளிப்பாட்டுகிற அளவு. ரசீது கொடுத்தார்கள். பெரிய நோட்டில், இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் பதிந்தும் வைத்தார்கள். அதெல்லாம் ஏப்ரல் மாதம். இப்போது எண்பத்தெட்டு ஜூன் முதல் தேதி, புதன்கிழமை. வருகிற ஞாயிறு அவருடைய ஒரே மகள் ரபியாவுக்கு நிக்காஹ்.

மாப்பிள்ளை ஷாகுல் ஹமீது பாலக்காட்டுப் பையன், துபாயில் வேலை. செவ்வாய்க்கிழமை பம்பாய் போய் விமானம் ஏறவேண்டும். தேதியை மாற்ற வழியில்லை. மாப்பிள்ளை வீட்டார் நகை கேட்கவில்லை, ஸ்கூட்டர் கேட்கவில்லை. பொண்ணோட வாப்பா கையால் பிரியாணி, எழுநூறு பேருக்கு. அவ்வளவுதான் கேட்டார்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நைனா தலைநிமிர்ந்து நடந்துகொண்டிருந்தார். வாடகைக்கு எடுக்கலாம் என்றால் அந்த ஞாயிறு ஊரில் பதினோரு கல்யாணம். வாடகைப் பாத்திரக்காரன் கடையில் தேங்காய் துருவிதான் மிச்சம் இருந்தது.

புதன்கிழமை காலை ரசீதோடு கிடங்குக்குப் போனார். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் சகதிக்காலோடு ஏறி இறங்குகிற இடத்தில் இது என்ன புதுசு என்று பார்த்தால், உள்ளே ஒரு கண்ணாடி அறை. அறைக்குள் குளிர்சாதனம். அதன் நடுவே சந்தனப்பொட்டு வைத்து, கழுத்தில் வாடின செண்டுமல்லி மாலையோடு அந்த மிசின் உட்கார்ந்திருந்தது. கிடங்கின் கூரையில் நாலு இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. மிளகு மூட்டைகள் நனைந்தால் நனையட்டும். மிசினுக்கு மட்டும் மேலே தார்ப்பாய் கட்டியிருந்தார்கள்.

மிசினுக்கு முன்னால் இருந்தவள் கங்கா. கல்பாத்தி அக்கிரகாரத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். ரசீது எண்ணைத் தட்டினாள். மிசினுக்குப் பக்கத்தில் இருந்த பெட்டி கொஞ்சநேரம் தவளை மாதிரி கத்திவிட்டு அடங்கியது. பச்சை எழுத்தில் ஒரு வரி வந்தது. அவரை ஊர் வழக்கப்படி இக்கா, அதாவது அண்ணன், என்றுதான் அவள் கூப்பிடுவாள்.

"நைனாக்கா, கோவிச்சுக்கப்படாது. பிழை அறுபத்தொண்ணு. எறணாகுளம் ஹெட் ஆபீஸ் மிசினோட சேர முடியலையாக்கும். சரக்குக் கணக்கெல்லாம் அங்கதான் இருக்கு. அது சரின்னு சொன்னாத்தான் இது சரக்கு வெளிய போக கேட்பாஸ் அடிக்கும்."

"செம்பு இவிடத்தானே இருக்கு மோளே? ஜன்னல்ல பாத்தேனே."

"நான் கூடப் பாத்தேன். மிசின் பாக்கலையே."

நைனா பழைய நோட்டைக் கேட்டார். அதற்கு மேனேஜர் வெங்கிடராமன் எழுந்து வரவேண்டியதாயிற்று. முப்பது வருஷ சர்வீஸ் உள்ள மனிதர், சட்டைப்பையில் மூன்று பேனா. அதில் ஒன்றைக் கூட அவர் மூடி திறந்து யாரும் பார்த்ததில்லை.

"நோட்டுக்கு ஓய்வு கொடுத்தாச்சு," என்றார் வெங்கிடராமன். "திறப்பு விழா அன்னிக்குப் பொன்னாடை போத்தி, ரெண்டு பேர் பாராட்டிப் பேசி, அலமாரில வச்சுப் பூட்டியாச்சு. சாவி ஹெட் ஆபீஸ்ல. ஓய்வுபெற்ற நோட்டை வேலைக்குக் கூப்பிட்டா யூனியன்காரா சும்மா இருப்பாளா?"

"அப்போ கம்ப்யூட்டர் கேடாயிப்போச்சா சாரே?"

வெங்கிடராமனுக்கு முகம் சிவந்துவிட்டது. "யார் சொன்னா? பிழை காட்டறதுன்னா மிசின் வேலை செய்யறதுன்னுதானே அர்த்தம்? வேலை செய்யாத மிசின் பிழை காட்டுமா? திறந்த மறுநாள்லேர்ந்து இருபத்திரண்டு நாளா ஒரு நாள் தவறாம பிழை காட்டிண்டிருக்கு. இந்த நோட்டு என்னிக்காவது இவ்வளவு ஒழுங்கா இருந்ததா?"

நைனாவுக்கு முன்னாலேயே வந்து சுவரோரமாக உட்கார்ந்திருந்தவர் இசக்கிமுத்து. கோவில்பட்டிப் பக்கத்து வத்தல் வியாபாரி. நாற்பது மூட்டை மிளகாய் வத்தல் உள்ளே இருக்கிறது, பன்னிரண்டு நாளாக நடக்கிறார். "நீங்க இன்னைக்குத்தான வந்தீக பாய்," என்று பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். "உக்காருங்க. பழகிரும்."

நைனா உட்காரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலே நாள்.

புகார் கொடுக்கலாமா என்றார். தாராளமாகக் கொடுக்கலாம் என்றார் வெங்கிடராமன். பிழை அறுபத்தொன்றைப் பற்றிய புகார்களுக்கென்றே நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவம் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்றால், எறணாகுளம் மிசினில் இருக்கிறது. அதைப் பூர்த்தி செய்ய முதலில் எறணாகுளத்தோடு தொடர்பு கிடைக்க வேண்டும்.

"தொடர்பு கிடைக்கலன்னு சொல்ல, தொடர்பு வேணுமா?"

"வேறெப்படி அவாளுக்குத் தெரியும்?" என்று உண்மையான வியப்போடு கேட்டார் வெங்கிடராமன்.

வியாழக்கிழமை களமசேரியிலிருந்து எஞ்சினியர் வந்தார். நைனா காலை ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தார். எஞ்சினியர் பதினொன்றரைக்கு வந்து, செருப்பைக் கழற்றி, மிசினைக் கும்பிட்டு, முதலில் வத்தல் நெடிதான் காரணம் என்றார். இசக்கிமுத்துவைத் தெருவுக்கு அனுப்பினார்கள். பிழை போகவில்லை. ஈரம்தான் காரணம் என்று நாலு மின்விசிறியைத் திருப்பி வைத்தார். கங்காவின் கண்ணாடி வளையல் காரணமாக இருக்கலாம் என்று கழற்றச் சொன்னார். கழற்றினாள். பிறகு மிசினை அணைத்து, எல்லோரையும் பத்து நிமிஷம் பேசாமல் நிற்கச் சொல்லி, மறுபடி போட்டார். தவளை கத்தியது. அறுபத்தொன்று.

கடைசியில் எறணாகுளம் போகிற கம்பியைத்தான் சோதித்தார். அதை முதலிலேயே செய்திருக்கலாம், ஆனால் அப்படிச் செய்தால் பயணப்படி அரை நாளுக்குத்தான் கிடைக்கும்.

"லைன் நல்லாத்தான் இருக்கு," என்று மலையாளத்தில் சொன்னார். "இங்கிருந்து போகுது, அங்க போய்ச் சேருது. அங்க ஆளு எடுத்து, இடமில்லன்னு சொல்லித் திருப்பி அனுப்புது."

"எதுக்கு இடமில்ல?" என்றார் நைனா.

"அது எங்க டிபார்ட்மென்ட் இல்ல. நாங்க கம்பி வரைக்கும்தான்." அறிக்கையில் கம்பி ஆரோக்கியமாக இருப்பதாகவும், கம்பியின் முனையில் உள்ள பொதுஜனங்கள் பதற்றமாக இருப்பதாகவும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்று மணி படகுக்கு ஓடினார்.

அன்று வீட்டில் மனைவி லதீஃபா அரிசி மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஆடு சொல்லியாயிற்று. நெய் வந்தாயிற்று. "செம்பு எங்க?" என்று கேட்டாள். நைனா நடந்ததைச் சொன்னார். லதீஃபா எண்ணுவதை நிறுத்தினாள்.

"கண்ணு முன்னால இருக்குற செம்ப எடுத்துட்டு வரத் தெரியல. நீங்க எழுநூறு பேருக்கு ஆக்கப் போறீங்களாக்கும்."

ரபியா மருதாணி இட்ட கையை விரித்து வைத்துக்கொண்டு, "வாப்பா, முடியலன்னா வெறும் சாயாவும் பிஸ்கட்டும் கொடுத்துக்கலாம். அவங்க ஒண்ணும் சொல்லமாட்டாங்க," என்றாள். வாழ்நாள் பூராவும் அடுத்தவர் வீட்டுப் பெண்களுக்குப் பிரியாணி ஆக்கி அனுப்பியவன், சொந்த மகளை சாயாவும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்புவதா?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் நேராகக் கிடங்குக்குப் போய் மேனேஜர் மேஜை முன்னால் நின்றுவிட்டார். வெங்கிடராமன் வேறு வழியில்லாமல் ஹெட் ஆபீசுக்கு டெலிபோன் போட்டார். மறுமுனையில் ஜெனரல் மேனேஜர் திரிபுரசுந்தரி. அந்த அம்மாளின் குரல் ரிசீவரைத் தாண்டி அறை பூராவும் கேட்டது.

"பிழை அறுபத்தொண்ணு விசாரணைக் கமிட்டி அமைச்சு இன்னியோட பதினெட்டு நாள் ஆச்சு. எட்டு அதிகாரிகள், நான் தலைவர். காலம்பற பத்து மணிக்கு மிசின்ல ஏறினோம்னா சாயங்காலம் அஞ்சு வரைக்கும் ஒருத்தரும் இறங்கறதில்லை. ஒரு நிமிஷம் விடாம கண்காணிச்சிண்டிருக்கோம். எங்களுக்கு ஒரு தடவை கூட அந்தப் பிழை வரலை, கேட்டேளா? ஆகையினால தப்பு மட்டாஞ்சேரியிலதான்னு கமிட்டி ஏகமனதா முடிவு பண்ணியிருக்கு."

வெங்கிடராமன் எழுந்து நின்று, "ரொம்ப சந்தோஷம் மேடம்," என்று சொல்லி ரிசீவரை வைத்தார்.

நைனா கண்ணாடி அறைக்குப் போய் கங்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அலுத்துப் போயிருந்தது.

"மோளே, உள்ளதைச் சொல்லு. இந்தச் சாமானம் என்னைக்காவது ஒரு நாள் ஒழுங்கா ஓடிச்சா?"

"ஓடித்தே. திறப்பு விழா அன்னிக்கு ஜோரா ஓடித்து. அரைமணியில பதினேழு கேட்பாஸ் அடிச்சேன். மறுநாள்லேர்ந்துதான் இந்த கதி."

"அன்னைக்கு ஹெட் ஆபீஸ்காரங்க எங்க இருந்தாங்க?"

"இங்கதான். எட்டுப் பேரும் வந்தாளே. வாசல்ல போட்டோ எடுத்துண்டா. வடை, கேசரி எல்லாம் ஆச்சு."

நைனா நிமிர்ந்து உட்கார்ந்தார். நாற்பது வருஷமாகப் பந்தி பார்க்கிற மனிதர். கூட்டத்தைப் பார்த்தே யார் சாப்பிட்டாயிற்று, யார் சாப்பிடவில்லை, எந்த மூலையில் எவன் பந்திப்பாயை விட்டு எழாமல் பல் குத்திக்கொண்டிருக்கிறான் என்று சொல்லிவிடுவார்.

"அந்த எறணாகுளம் மிசின்ல ஒரே நேரத்துல எத்தனை பேருக்கு இடம்?"

கங்காவுக்குத் தெரியவில்லை. மிசினோடு வந்த புத்தகம் ஒன்று உண்டு. அதை பிளாஸ்டிக் உறை கூடக் கழற்றாமல் குங்குமம் வைத்து சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தார்கள். வெங்கிடராமன் சாயா குடிக்கப் போன நேரத்தில் கங்கா உறையைக் கிழித்தாள். மூன்றாம் பக்கத்திலேயே போட்டிருந்தது. எட்டு.

"எட்டுப் பந்திப்பாய்," என்றார் நைனா. "எட்டுப் பேரும் சாப்பிட உக்காந்தவங்க எழும்பவே இல்ல. வெளிய நிக்கறவனுக்கு ஏன் சோறு கிடைக்கலன்னு உள்ள உக்காந்தே விசாரிக்கறாங்க. எழும்பினா கிடைச்சிடும்."

கங்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஆனா அவா இறங்கமாட்டா நைனாக்கா. மிசின்ல ஏறினாத்தான் அங்க அட்டெண்டன்ஸ். அஞ்சு மணிக்கு முன்னால இறங்கினா அரை நாள் லீவு வெட்டிடுவா. சர்க்குலரே இருக்கு. அஞ்சு மணி ஆனா அந்த மிசினையே அணைச்சிடுவா."

வெங்கிடராமனிடம் சொன்னார்கள். அவர் புத்தகத்தின் உறை கிழிந்திருந்ததற்கு கங்காவிடம் விளக்கம் கேட்டார்.

சனிக்கிழமை விடிந்ததும் லதீஃபாவின் அடுக்களைப் பானையில் பிரியாணி வெந்தது. எட்டுப் பேருக்கு இருக்கிற பானை. கறி சாப்பிடாதவர்களுக்குத் தனியாகச் சின்னச் சட்டியில் நெய்ச்சோறும் குருமாவும். நைனா பானையைத் துணி சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகேறினார். படகில் வந்தவர்கள் எல்லோரும் எறணாகுளம் வரும்வரைக்கும் அவரையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர் எங்கே இறங்குகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத் தானும் அங்கேயே இறங்குவதாகச் சொன்னார்.

ஹெட் ஆபீசின் இரண்டாம் மாடியில் எட்டு மேஜை, எட்டுத் திரை. எல்லாத் திரையும் எரிந்துகொண்டிருந்தது. ஆனால் நாற்காலியில் ஆள் மூன்று பேர்தான். மற்ற ஐந்து நாற்காலியிலும் துண்டு போட்டிருந்தது, படகில் இடம் பிடிக்கிற மாதிரி. ஒருவர் சாயாவுக்கு, ஒருவர் எல்.ஐ.சி.க்கு, இரண்டு பேர் கீழே சீட்டாட்டத்தில். ஐந்தாமவர் திங்கட்கிழமையே குருவாயூர் போய்விட்டாராம்.

"போனாலும் அவர் அட்டெண்டன்ஸ் முழுசா இருக்கு," என்றார் திரிபுரசுந்தரி பெருமையோடு. "பியூன் காலம்பற ஏத்திவிட்டுடுவான். கம்ப்யூட்டர் வந்தப்புறம் எங்க ஆபீஸ்ல வருகை நூத்துக்கு நூறு. முன்னாடியெல்லாம் இத்தனை பேர் வந்ததே கிடையாது."

நைனா பானையை மேஜை மேல் இறக்கி, மூடியை ஒரு ஓரமாகத் தூக்கினார். வாசனை மாடிப்படி வழியாகக் கீழே இறங்கியது. இரண்டே நிமிஷத்தில் சீட்டாட்டக்காரர்கள் மேலே வந்துவிட்டார்கள். எல்.ஐ.சி.க்குப் போனவரும் எப்படியோ வந்து சேர்ந்தார். சாயாவுக்குப் போனவரும் வந்தார். ஏழு பேரும் தட்டோடு நின்றார்கள்.

கேட்டுக் கெஞ்சினால் இவர்களுக்குப் புரியாது என்று நைனாவுக்கு மூன்று நாளில் புரிந்திருந்தது. சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கனைத்துக்கொண்டு படித்தார்.

"கல்யாண வீட்டு ஆர்டர் நம்பர் ஒண்ணு. இந்தப் பிரியாணி மிசின்லேந்து இறங்கினதுக்கு லாக் அவுட் சீட்டு காட்டறவங்களுக்கு மட்டும். மிசின்ல இடத்தைப் பிடிச்சுக்கிட்டே இங்கயும் இடம் பிடிக்கறது சட்டப்படி செல்லாது. சீனியாரிட்டி பிரகாரம் தட்டில் விளம்பப்படும்."

ஏழு பேரும் தட்டைத் தாழ்த்தி மரியாதையாகக் கேட்டார்கள். இத்தனை தெளிவான உத்தரவு அந்த அலுவலகத்துக்கு வந்து வெகுநாளாகியிருந்தது. ஒருவர் நகல் உண்டா என்று கேட்டார்.

ஆனால் யாரும் இறங்கவில்லை. பெரியவர் இறங்காமல் சின்னவர் இறங்குவது எப்படி? அரை நாள் லீவு வேறு. திரிபுரசுந்தரி நெய்ச்சோற்றுச் சட்டியைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடி யோசித்துவிட்டு, டைப்பிஸ்டைக் கூப்பிட்டு உத்தரவு சொன்னார்: பிழை அறுபத்தொன்று சம்பந்தமாகக் கமிட்டி இன்று நண்பகலில் உணவு வழியாக நேரடி ஆய்வு மேற்கொள்வதால், அந்த நேரத்தில் மிசினிலிருந்து இறங்குவது பணியில் இருந்ததாகவே கருதப்படும்.

கையெழுத்தின் மை காய்வதற்குள் ஏழு பேரும் இறங்கினார்கள். குருவாயூர்க்காரரையும் பியூன் இறக்கிவிட்டு, அவருடைய சீட்டைக் காட்டித் தான் ஒரு தட்டு வாங்கிக்கொண்டான்.

நைனா மட்டாஞ்சேரிக்கு டெலிபோன் போட்டு ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டே விளம்பினார்.

"வந்துடுத்து நைனாக்கா," என்றாள் கங்கா. "சேர்ந்துடுத்து."

"பெட்டெண்ணு, சீக்கிரம் அடி மோளே. எட்டுப் பேர் பானைதான்."

"அதில்லை நைனாக்கா. மேனேஜர் சார் முதல்ல புகார் படிவத்தை நிரப்பணும்ங்கறார். இருபத்தஞ்சு நாளா தொடர்பே இல்லைன்னு பதிஞ்சாகணுமாம். இப்பத்தான் சந்தர்ப்பம் கிடைச்சிருக்காம்."

நாற்பத்திரண்டு கேள்வி. இந்தப் பக்கம் ஏழு அதிகாரிகளும் ஒரு பியூனும் பேச்சு மூச்சில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு வேகமாக அவர்கள் எதையும் முடித்து யாரும் பார்த்ததில்லை. சாப்பிட்டுக் கையைக் கழுவியதும் மறுபடி ஏறிவிடுவார்கள்.

அவர் தன் தொழில் தர்மத்துக்கு விரோதமாக நடந்துகொள்ள வேண்டிவந்தது. அள்ளி அள்ளி வைக்கிற கை, ஒவ்வொரு பருக்கையாக வைத்தது. எலும்புள்ள துண்டாகப் பார்த்துப் போட்டார். கடித்து உறிஞ்ச நேரமாகுமே. நெய்ச்சோற்றுக்குத் திராட்சையை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து வைத்தார். காரம் எப்படி, உப்பு எப்படி என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார். பானையின் அடி தெரிய ஆரம்பித்தது.

"எத்தனாவது கேள்வி?"

"பத்தொன்பது. மேனேஜர் சார் தாத்தா பேர் எழுதிண்டிருக்கார்."

திரிபுரசுந்தரி கையைத் துடைத்துக்கொண்டார். சீட்டாட்டக்காரர் ஏப்பம் விட்டார். நைனா பானையைச் சாய்த்து, அடியில் ஒட்டியதைச் சுரண்டினார். "சுரண்டின சோறு ஆர்க்கு வேணும்? அதுதான் ருசி," என்றார். நான்கு தட்டு நீண்டது. சுரண்டலை நான்காகப் பங்கிட்டார். பங்கிடுவதற்கே அவருக்குத் தெரிந்த நேரத்தையெல்லாம் எடுத்துக்கொண்டார்.

அப்போது டெலிபோனில் கங்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. நாற்பத்திரண்டு கேள்விக்கும் காத்திருக்காமல், இருபதாவதிலேயே மிசின் புகாரைத் திருப்பி அனுப்பிவிட்டதாம். தொடர்பில் உள்ளவர் தொடர்பில்லை என்று புகார் செய்ய முடியாதாம். வெங்கிடராமன் இந்த அநியாயத்தை யாரிடம் எழுதுவது என்று பேனாவின் மூடியைத் திறந்துகொண்டிருந்த நேரத்தில் அவள் ரசீது எண்ணைத் தட்டிவிட்டாள்.

"அடிச்சுட்டேன் நைனாக்கா. மூணு செம்பு, மூடியோட. தற்காலிக விடுவிப்பு, மூணு நாள். இசக்கிமுத்து அண்ணாச்சியோடதும்..." என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரிபுரசுந்தரி கை கழுவிவிட்டு வந்து மிசினில் ஏறினார். அவர் பின்னால் மற்றவர்கள் சீனியாரிட்டிப்படி ஏறினார்கள். குருவாயூர்க்காரரும் ஏறினார். மட்டாஞ்சேரியில் தவளை கத்தியது. நாற்பது மூட்டை வத்தல் உள்ளேயே நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை எழுநூறு பேர் என்று சொன்னது எண்ணூற்றைம்பதாக வந்தது. மூன்று செம்பும் வழித்துத் துடைக்கப்பட்டது. பாலக்காட்டுப் பெரியவர்கள் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். புறப்படும்போது ரபியா அழவில்லை. புகை படிந்த வாப்பாவின் கையைப் பிடித்து, முகர்ந்து பார்த்துவிட்டுக் கார் ஏறினாள். அழுதது நைனாதான். வெங்காயம் என்று எல்லோரிடமும் சொன்னார்.

திங்கட்கிழமை வெங்கிடராமன் லாரியோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். ரசீதில் ஆகஸ்ட் வரைக்கும் வைப்பதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறது, மூன்று நாள் முடிந்துவிட்டது, செம்புகளைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்றார். முன்கூட்டியே எடுத்துக்கொள்வதற்கு வேறு படிவம் இருக்கிறதாம், எறணாகுளத்தில். கூரை இன்னும் முடியவில்லை, வீட்டில் நிற்க இடமில்லை, அடுத்த கல்யாணம் செப்டம்பரில்தான். நைனா போகட்டும் என்று விட்டுவிட்டார். செம்புகள் ஐந்தே நிமிஷத்தில் உள்ளே போயின. வாங்கி வைக்க வாரியத்துக்குக் கம்ப்யூட்டர் வேண்டியதில்லை. கொடுப்பதற்குத்தான் வேண்டும்.

ஆனால் அவர் நினைத்தது போல அத்தோடு முடியவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு மழை நாளில் இசக்கிமுத்து நனைந்துகொண்டே வந்தார். கையில் ஒரு சர்க்குலர். விசாரணைக் கமிட்டி தன் முடிவை வெளியிட்டிருந்தது. நேரடி ஆய்வின்போது பிழை அறுபத்தொன்று முழுமையாக நீங்கியது நிரூபணமானபடியால், இனி இந்தப் பிழை ஏற்படும்போது சம்பந்தப்பட்ட வாடிக்கையாளர் கமிட்டிக்குப் பிரியாணி ஏற்பாடு செய்ய வேண்டும். தட்டுக்குத் தட்டு தகராறு வராமல் ஒரே பாத்திரத்தில் சமைத்ததாக இருக்க வேண்டும். அடியில், சுரண்டல் கட்டாயம் என்று பேனாவால் சேர்த்திருந்தது.

"பாய், நீங்கதான் காப்பாத்தணும்," என்றார் இசக்கிமுத்து. "வத்தல் பூராவும் பூசணம் பிடிச்சிட்டு வருதுல்லா."

"அதுக்கென்ன, எட்டுப் பேருக்குத்தானே. வீட்டுப் பானையிலயே ஆக்கிடலாம்."

"எட்டு இல்ல பாய், பதினாறு. எட்டு இடம் பத்தாமத்தான் பிழை வருதுன்னு புது மிசின் வாங்கிட்டாவ. பதினாறு பேர் ஏறலாமாம்."

"பிறகென்ன. உங்களுக்கு இடம் கிடைக்குமே?"

"எங்க கிடைக்குது? எட்டு இடம் சும்மா கிடக்குன்னு கமிட்டியில இன்னும் எட்டுப் பேரச் சேத்துட்டாவ."

நைனா வீட்டுப் பானையைப் பார்த்தார். பதினாறு பேருக்கு அது காணாது. சின்னச் செம்பு வேண்டும்.

"செம்ப இறக்குங்க. அடுப்புக்கு விறகு நான் கொண்டாறேன்."

"செம்பு கிடங்குல இருக்கு."

இசக்கிமுத்துவுக்கு விஷயம் உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "வாடகைக்கு எடுத்தா என்ன?" என்றார்.

"கல்யாண சீசன் முடிஞ்சுதுல்ல. வாடகைக்காரன் அவன் செம்பெல்லாத்தையும் போன வாரம்தான் அங்க கொண்டு வச்சான்."

இரண்டு பேரும் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். லதீஃபா உள்ளிருந்து இரண்டு கிளாஸ் சாயா கொண்டுவந்து வைத்தாள்.